மடித்தால் பன்னிரண்டு அங்குலம்

ஜூன் 4, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு சைக்கிள் வந்தது. மடக்கு சைக்கிள். என்னோடு லென்ஸ் பட்டறையில் வேலை பார்த்த நிர்மலா கனடாவுக்குக் கிளம்புகிறாள். "ரெண்டு பஸ் மாறிச் சாகாத, செம்பா. இதை எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டாள்.

வண்டி படியேறி வருவதற்குள் சுகந்தி டேப்பை எடுத்துவிட்டாள். சுகந்தி என் தம்பி பூவநாதனின் மனைவி. செருப்பு ஸ்டாண்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பதினான்கு அங்குலம். வண்டியை மடித்தால் பன்னிரண்டு. "ரெண்டு இஞ்ச் மிச்சம் அண்ணி!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, கீழே தம்பியின் பைக்குக்கு மட்டும் இடம். நான் வந்த பிறகு இந்த வீட்டில் மிச்சம் என்று ஒன்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மதுரைக் கிளையை மூடி என்னைச் சென்னைக்கு மாற்றியபோது, வீடு பார்க்கும்வரை ஒரு மாதம் என்றுதான் இங்கே வந்தேன். இரண்டு வீடு பார்த்தேன். அதற்குள் தம்பி, "தம்பி இருக்கிற ஊர்ல அக்கா தனியா வாடகை வீட்டுல இருந்தா நம்ம கோவில்பட்டியில என்னைக் காறித் துப்புவாங்க" என்று சொல்லிவிட்டான். பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் கட்டாமல் நிற்கும் அக்காவை உயிராக நினைக்கும் தம்பி எத்தனை பேருக்குக் கிடைப்பான்? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 5, திங்கள்

பட்டறைக்கு ஐந்து கிலோமீட்டர், முப்பத்தோரு நிமிடம். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொடிக்கம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வண்டியைச் செய்தவர் மனதில் ஐந்தடி மூன்று அங்குலத்துக்காரி ஒருத்தி இருந்திருக்க வேண்டும். ஹேண்டில்பார் நெஞ்சுக்கு அருகே வந்து நிற்கிறது. முழங்கையை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. இடதுபக்கம் திருப்பினால் பிரேக் என் முழங்காலில் இடிக்கிறது. சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குழந்தை வண்டிய வாங்கினு வந்துட்டியாம்மா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 7, புதன்

இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போகிறது. பழகிவிடும்.

ஜூன் 10, சனி

பழகவில்லை. ரயில்வே கேட் பக்கம் எபிநேசர் என்பவரின் சைக்கிள் கடைக்குப் போனேன். முப்பது வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் ஏதாவது ஒரு போல்ட் இருக்கிறது. அதை எடுக்காமலே பேசுகிறார்.

போவதற்கு முன் நானே என் மூளையைப் பயன்படுத்தி ஹேண்டிலை உயர்த்தியிருந்தேன். உயரமான ஆளுக்கு உயரமான ஹேண்டில், கணக்கு சரிதானே? இன்னும் மோசமாகிவிட்டது. எபிநேசர் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தக் கோட்டப் பாத்தீங்களா மேடம்? இதுக்கு மேல தூக்கவே கூடாது. உள்ள பிடிப்பு இருக்காது, கையோட வந்துரும். அப்புறம், ஹேண்டிலத் தாங்குற இந்த போஸ்ட் நேரா நிக்கல, உங்க பக்கம் சாஞ்சு நிக்குது. மேல ஏத்த ஏத்த உங்க நெஞ்சுகிட்டதான் வரும். உங்களுக்கு உயரம் பிரச்சினை இல்ல. தூரம்தான் பத்தல."

பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறவள் நான். இது எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தோம். இரண்டு விரற்கடை தூரம் கிடைத்தது. ஆனால் பெடல் எட்டிப்போய் முழங்கால் வலித்தது. "கைக்காக காலைக் கெடுக்காதீங்க" என்று அவரே திரும்பப் பழைய இடத்தில் வைத்தார். கடைசியில் ஒரு அலுமினியத் துண்டைக் காட்டினார். ஒரு முனை போஸ்டைப் பிடிக்கும். மறுமுனை ஹேண்டில்பாரை உள்ளங்கை அகலம் முன்னால் கொண்டுபோய்ப் பிடிக்கும். நான்கு போல்ட், அவ்வளவுதான்.

"இதப் போட்டா உங்களுக்கு அம்சமா இருக்கும். ஆனா வண்டி முழுசா மடியாது. ஹேண்டில் எறங்கும்போது சக்கரத்துல இடிச்சு நின்னுரும்."

"எவ்வளவு இடம் கூடும்?"

"அஞ்சு இஞ்ச்."

பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 14, புதன்

இன்று மரத்துப்போகவில்லை. கொஞ்சம்தான்.

ஜூன் 17, சனி

நிலானிக்கு டெஸ்ட் தொடங்கிவிட்டது. தம்பி மகள், பிளஸ் டூ. அவள் அறையில்தான் நான் படுக்கிறேன். அவள் பதினொன்றரை வரை விளக்குப் போட்டுப் படிக்கிறாள். எனக்கு வெளிச்சத்தில் தூங்குவது ஒரு பொருட்டே இல்லை, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறேன். நான் புரண்டு படுத்தால் அவள் உடனே, "சாரி அத்தை, ஆஃப் பண்ணட்டா?" என்று கேட்கிறாள். அதனால் புரள்வதில்லை.

ஜூன் 22, வியாழன்

ஒரு லென்ஸ் திரும்பி வந்தது. எழுதவே கை கூசுகிறது. மையத்தில் மைப்புள்ளி வைக்கும்போது கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வாத்தியார் மூன்று நாள் தலைவலியோடு இருந்திருக்கிறார். சூப்பர்வைசர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, "உங்களுக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 25, ஞாயிறு

எபிநேசர் காட்டிய அலுமினியத் துண்டைப் போட்டாகிவிட்டது.

கடை வாசலிலிருந்து பாலம் வரை போய்த் திரும்பினேன். என் கை அதன் முழு நீளத்துக்கு நீண்டது. தோள் இறங்கியது, மூச்சு அடிவயிறு வரை போனது. மறுபடியும் பாலம் வரை போனேன். எபிநேசர் கடைக்குள்ளிருந்து, "வூட்டுக்குப் போறதில்லையா மேடம்?" என்று கத்தினார். சந்தோஷமாக இருந்தது, ரொம்ப நாளுக்குப் பிறகு.

மாலை வீட்டில் வண்டி பதினேழு அங்குலத்துக்கு நின்றது. செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. "பரவால்ல அண்ணி" என்றாள் சுகந்தி. இந்த 'பரவால்ல' எனக்குப் பழக்கம். நான் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் வரும் அதே 'பரவால்ல'.

ஜூன் 27, செவ்வாய்

தம்பி வண்டியில் காலை இடித்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருக்கிறது. "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று நொண்டிக்கொண்டே சொன்னான். இடம் போதாமல் செருப்பு ஸ்டாண்டைக் கதவுக்கு வெளியே வைத்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் அது நடைபாதைக்கு வந்ததைப் பற்றி அசோசியேஷனில் சொல்லியிருக்கிறார். சுகந்தி அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டியது.

ஜூன் 28, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! மாலை எங்கள் குடியிருப்பின் கேட் அருகே வண்டியை நிறுத்தி, அலன் கீ என்ற சின்னச் சாவியால் நான்கு போல்டையும் கழற்றித் துண்டைப் பைக்குள் போட்டு, ஹேண்டில்பாரை நேராக போஸ்டில் மாட்டினால் பன்னிரண்டு அங்குலத்துக்கு மடிந்துவிடுகிறது. காலையில் கீழே போய்த் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எட்டு நிமிடம். ஸ்டாண்ட் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஜூலை 3, திங்கள்

ஆறு நிமிடம்.

ஜூலை 8, சனி

நான்கரை நிமிடம். வாட்ச்மேன் கைதட்டினார்.

வண்டியைக் காற்றடிக்கக் கொண்டுபோனபோது எபிநேசர் போல்டைப் பார்த்துவிட்டு, "இதக் கழட்டுறீங்களா என்ன?" என்று கேட்டார். தினமும் இரண்டு தடவை என்றேன். வாயிலிருந்த போல்டை முதல் முறையாக வெளியே எடுத்தார். "மேடம், இது ஒரு தடவை போட்டு அப்படியே விடுற சாமான். அலுமினியம். கழட்டிக் கழட்டிப் போட்டா மரை தேஞ்சு போயிடும். எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

"வீட்டுல இடம் இல்லை."

"அப்ப வேற வீடு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்.

ஜூலை 18, செவ்வாய்

இடது கையால் எழுதுவதால் கோணல் மாணலாக இருக்கிறது. நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை மேம்பாலத்தின் இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். என் எடை முழுதும் கைக்கு வந்தது. துண்டு போஸ்டிலிருந்து கழன்று ஹேண்டில்பார் அப்படியே முன்னால் சரிந்தது. விழுந்தேன். பின்னால் வந்த வேன் நின்றுவிட்டது, நல்ல நேரம். முகவாயில் நான்கு தையல், வலது மணிக்கட்டில் சுளுக்கு, எலும்புக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் விடுப்பு.

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். பக்கத்துக் கட்டில்காரர்கள் நான் ஏதோ போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "இனிமே அந்த வண்டிய நீ தொடக் கூடாது. தினம் நானே கொண்டுவந்து விடறேன்" என்றான். அவன் ஆபீஸ் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

ஜூலை 21, வெள்ளி

தம்பி வேலைக்கும் நிலானி பள்ளிக்கும் போன பிறகு சுகந்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்க வேண்டாத வசதியில், கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த போல்டைத் தினம் எதுக்குக் கழட்டினீங்க?"

"மடியணுமே."

"மடியலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? வெளிய போட்டுடுவேனா?"

அவள் பின்னலைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் உண்மையச் சொல்லிடறேன். எனக்குக் கஷ்டமாதான் இருக்கு. சொந்த வீட்டுல நைட்டியோட ஹாலுக்கு வர யோசிக்கறேன். நிலானி ஒரு பாட்டு கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா உங்களுக்கும் கஷ்டமாதான் இருக்கு அண்ணி. பாத்ரூம் போகறதுக்குக் கூட எல்லாரும் போயாச்சான்னு பாத்துட்டுப் போறீங்க. யாருக்காக நம்ம ரெண்டு பேரும் இப்படி இருக்கோம்?"

முதலில் சுருக்கென்று இருந்தது. போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க போகணும்னு நான் வாயத் திறந்தா, நாத்தனார அடிபட்ட உடம்போட விரட்டிட்டான்னு கோவில்பட்டி முழுக்கப் பேசுவாங்க. அவரும் அதைத்தான் நம்புவாரு. என்னால சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று ஜூன் மாதம் எழுதியிருக்கிறேன். பொய். வந்த மூன்றாம் நாளே ஒரு தனி அறைக்கு ஏங்கத் தொடங்கிவிட்டேன். தம்பி மனம் நோகும் என்று அதை எழுதக்கூட பயந்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

தம்பியிடம் பேச்சை எடுத்தேன். முழுதாக முடிக்க விடவில்லை.

"சுகந்தி ஏதாச்சும் சொன்னாளா?"

நான் பயந்தது இதற்குத்தான். "இல்லடா" என்றேன். "நானாதான் சொல்றேன்."

"அவ சொல்லாம உனக்கு இந்த நெனப்பு வராதுக்கா. உன்னை எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து போனான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. இன்று இரவு வரை அவன் சுகந்தியிடம் பேசவில்லை.

ஜூலை 26, புதன்

எபிநேசர் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு போர்ஷன். ஒரு அறை, சமையலறை, குளியலறை. சுகந்திதான் கண்டுபிடித்தாள், காய்கறிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாள். இருவரும் திருட்டு சினிமாவுக்குப் போகிறவர்கள் மாதிரி முக்காடு போடாத குறை. வீட்டுக்கார அம்மாள், "ஆடி முடிஞ்சு வாங்க, ஒருத்தர்தானே?" என்று கேட்டார். ஒருத்தர்தான் என்றேன்.

இப்போது ஒன்றுதான் பாக்கி. நான் போனால் பழி சுகந்தி தலையில் விழக் கூடாது. அது விழுந்தால் அந்த அறையில் எனக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் வராது.

ஜூலை 30, ஞாயிறு

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் கோவில்பட்டி பெரியம்மாவிடம் சொன்னால் போதும், மாலைக்குள் துபாயில் இருக்கிற சித்தி மகன் வரை போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பி ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, போனை ஸ்பீக்கரில் போட்டேன். கட்டுப்போட்ட கை ஒரு சாக்கு.

"பெரியம்மா, நான் தனியா வீடு பாத்துட்டேன்."

"ஏட்டி, என்ன சொல்லுத? அந்த மெட்ராஸ்காரி எதும் சொன்னாளா?"

தம்பி பேப்பரை இறக்கினான்.

"அவளா? அவ என் காலைப் பிடிக்காத குறையா இருக்கச் சொல்றா. எனக்குத்தான் ஒத்து வரலை. எனக்குப் பிள்ளைங்க சத்தம் ஆகாது. மத்தவங்க சமையல் இறங்க மாட்டேங்குது. தம்பிகிட்டயும் சண்டை போட்டுட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா! நான் அப்பமே சொன்னேம்லா, ஒனக்கு யாருகூடயும் ஒத்துப் போவாதுன்னு. அதான் ஒரு கல்யாணமும் அமையல. அந்தப் புள்ள சுகந்தி பாவம், ஒன்ன வச்சு மூணு மாசம் ஓட்டியிருக்காளே, அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

"ஆமா பெரியம்மா" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக அவர் சொன்னதற்கு ஆமாம் போட்டேன். அந்தக் கல்யாணப் பேச்சு மட்டும் வலித்தது. அது நான் கொடுக்க வேண்டிய விலை என்று வைத்துக்கொண்டேன்.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சுகந்தி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. "எம் சமையல் இறங்கலையா அண்ணி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஆகஸ்ட் 9, புதன்

வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. விரலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. தம்பி என்னிடம் பேசுவதில்லை. "அக்காவுக்குச் சாப்பாடு போடு" என்று சுகந்தியிடம் சொல்கிறான், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது.

ஆகஸ்ட் 12, சனி

எபிநேசர் புதுத் துண்டு போட்டுத் தந்தார். இந்த முறை இரும்பு போல்ட், பிடிப்பும் நீளம். முடுக்கிவிட்டு அலன் கீயைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது உங்ககிட்ட இருக்கக் கூடாது மேடம்" என்றார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இன்று வீடு மாறினேன்.

காலை ஆறு மணிக்குச் சுகந்தியும் நிலானியும் வந்து என்னோடு பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்ததும் நிலானி கைதட்டினாள். தம்பி வரவில்லை. எத்தனையோ தடவை சொல்லியும், "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டானாம். ஏழரை மணிக்கு அவர்கள் இருவரும் கிளம்பிய பிறகு நான் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இங்கே வாசற்படி கிடையாது, சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே வரலாம். அறை நடுவில் நிறுத்தியிருந்தேன். இடிப்பதற்கு யாரும் இல்லை.

பதினோரு மணிக்குத் தம்பி வந்தான். கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே வராமல் வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து ஜன்னல் கொக்கியை ஆட்டினான். குழாயைத் திறந்து மூடினான். குறை ஒன்றும் கிடைக்காமல் சைக்கிளிடம் வந்தான். என்ன தோன்றியதோ, ஏறி உட்கார்ந்து கையை நீட்டினான். அவன் ஐந்தடி நான்கு. அம்மாவின் உயரம். விரல் நுனிதான் ஹேண்டிலைத் தொட்டது.

"எட்டவே இல்லையேக்கா."

"உனக்கு எதுக்குடா எட்டணும்? ஓட்டப்போறது நான்தானே?"

அவன் இறங்கினான். என் முகவாய்த் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தான். "பெரியம்மாகிட்ட சொன்னியே, எங்கூட சண்டை போட்டேன்னு. எப்பக்கா போட்ட?" என்று கேட்டான்.

தூக்குவாளியை என்னிடம் நீட்டினான். உள்ளே பால் இருந்தது.

"காய்ச்சியாச்சா?"

"இல்லடா" என்றேன். "நீ வராம எப்படிக் காய்ச்சுவேன்?"

அவனை உட்காரச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். காலையில் பொங்கிய பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. சத்தம் வராமல் கழுவித் துடைத்து, அவன் கொண்டுவந்த பாலை ஊற்றி, "நாதா, வந்து அடுப்பைப் பத்த வை" என்று கூப்பிட்டேன்.